அவையடக்கமும் ஒரு தேரும்

ரொறன்ரோவுக்கு நான் தேர்த் திருவிழாவுக்காக வந்தேன். வந்திறங்கிய மறுநாளே, தேர் ஓடுமா என்பது ஐயத்துக்கு உரியதாகிவிட்டது.

நகரின் மில்லிக்கன் பகுதியில் ஒரு கடைத்தொகுதி. அதன் ஒரு கோடியில் பல் வைத்தியர். மறு கோடியில் சீனர் ஒருவரின் சோயாக் கட்டிக் கடை. நடுவே, முன்பு கம்பளம் விற்ற கூடமொன்றில் பிள்ளையார் எழுந்தருளியிருக்கிறார். கோபுரம் இல்லை. வாசலில் தானே திறந்து தானே மூடும் கண்ணாடிக் கதவு. முதல் நாள் கும்பிடப் போனபோது அக்கதவு எனக்காக விலகியதைக் கண்டு சற்றே நெகிழ்ந்தேன். பின்னால் வந்த தபாற்காரருக்கும் அது அவ்வாறே விலகியது.

அக்கோயிலின் திருவிழாவில் புராண படனத்துக்குப் பயன் சொல்லவே என்னை அழைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். அருகே அமர்ந்தவர் அதன் பொருளை விரித்துரைப்பார். அதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். தலை நரைக்கும் முன்பே நான் ஏற்ற தொண்டு அது. ஒரு செய்யுளுக்குப் பயன் சொல்ல ஒரு மாலைப்பொழுது போதாமற் போனதும் உண்டு. அதை என் பெருமையாகவே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

"சின்னச் சிக்கல் ஒண்டு, அண்ணை," என்று தொடங்கினார் கோயில் தலைவர் நடராசா. வீடுகளுக்குக் கூரை போடுவது அவர் தொழில். தரையில் நின்று பேசும்போதும் ஏணியின் உச்சியில் நிற்பவரைப் போல உரக்கவே பேசுவார்.

கடைத்தொகுதிக்குப் பின்னால் குடிமனைகள் நிறைந்த தெரு ஒன்று உண்டு. தேர் அவ்வழியே சுற்றி வர நகரசபையின் அனுமதி வேண்டும். சென்ற ஆண்டு சுவாமி ஊர்வலத்தின் மேளம் தம் உறக்கத்தைக் கெடுத்தது என்று அத்தெருவாசி ஒருவர் மறுப்புத் தெரிவித்திருந்தார். ஆகவே ஒரு குழு இரு தரப்பாரையும் கேட்டுத் தீர்மானிக்கும். அனுமதி கிட்டாவிட்டால், அடியார்கள் பனிக்காலம் முழுவதும் நடராசாவின் கராஜில் கூடிச் செய்த புதுத்தேர் அங்கேயே நிற்க வேண்டியதுதான். கோயிலுக்குள்ளாவது வைக்கலாமே என்று கேட்டேன். கண்ணாடிக் கதவால் அது நுழையாதாம். அளந்து பாராமலே கட்டிவிட்டார்கள்.

"நீங்கள்தான் அண்ணை அங்கை கதைக்கோணும்."

"எனக்கு இங்கிலீசு காதிலை விழுந்தால் விளங்கும், தம்பி. சபையிலை கதைக்க வராது."

"மொழிபெயர்க்க ஆள் தருவினம். எங்களிலை ஆர் கதைச்சாலும் சண்டையிலைதான் முடியும். பார்க்கிங் கேட்டு முந்தி நான்தான் போய்க் கதைச்சனான். இருந்த பார்க்கிங்கும் போச்சு."

அவ்வளவு வெளிப்படையாகத் தம் தோல்வியைச் சொன்னவரிடம் மறுக்க முடியவில்லை. ஒப்புக்கொண்டேன்.

நான் தங்கியிருந்தது மல்வேர்னில், தங்கை மகள் கௌரியின் வீட்டில். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். அடுத்த வீட்டுக்காரர் தும்மினால் இந்த வீட்டில் தீர்க்காயுசு சொல்லலாம். விடியலில் நான் பதிகம் பாடுவது வழக்கம். மூன்றாம் நாள் காலை, கதவு தட்டப்பட்டது. என் வயதொத்த ஒருவர் நின்றார். கழுத்தில் சிறு சிலுவை, கையில் தேநீர்க் கோப்பை.

"நீங்கள் பாடுறது சுவருக்கால கேக்குது," என்றார்.

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"அதை விடுங்கோ. நேற்றுப் பாடினதிலை ஒரு அடி இண்டைக்கு இல்லை. அதைக் கேக்கத்தான் வந்தனான்."

நினைத்துப் பார்த்தேன். உண்மையிலேயே ஓரடி விடுபட்டிருந்தது. இவ்வாறு அறிமுகமானவர் சூசைப்பிள்ளை மாஸ்டர். மன்னாரைச் சேர்ந்தவர், இளமையில் குருமடத்தில் இலத்தீன் பயின்றவர். குருவாகாமல் அகதியாகி இந்நகரின் பார்க்டேலில் வந்திறங்கி, பின்னர் கத்தோலிக்கப் பாடசாலையொன்றில் இலத்தீனே கற்பித்து ஓய்வு பெற்றவர். பழைய உரோமர் பேச்சைக் கலையாக எவ்வாறு பயின்றார்கள் என்பதே அவருடைய வாழ்நாள் ஈடுபாடு. எனக்கு நேரவிருக்கும் சோதனையைக் கேட்டதும், பசித்தவர் முன் இலை போட்டதுபோல அவர் முகம் மலர்ந்தது.

அன்றிலிருந்து காலைப் பூசை முடிந்ததும் சோயாக் கட்டிக் கடையே எங்கள் பாடசாலை. வெதுவெதுப்பான கிண்ணத்தில், இஞ்சிப் பாகில் மிதக்கும் வெண்ணிறக் களியொன்றை அங்கே தருவார்கள். முட்டை உண்டா, கொழுப்பு உண்டா என்று மாஸ்டரைக் கொண்டு பலமுறை விசாரித்த பின்னரே வாயில் வைத்தேன். இளநீர் வழுக்கைக்கு இஞ்சி ஊற்றினாற்போன்ற ஒரு சுவை. நாவில் பட்டதும் கரைந்துவிடும். மெல்ல வேண்டிய துன்பமே இல்லை. என் பற்களின் இன்றைய நிலையில் அது தெய்வ சம்மதமான உணவு. இரவெல்லாம் உள்ளே அரைத்துக் காய்ச்சி, விடியும்போது கடையில் வைக்கிறார்கள் என்று மாஸ்டர் சொன்னார். கல்லாவில் நின்ற இளம்பெண்ணைத் தவிர வேறெவரையும் நாங்கள் கண்டதில்லை.

உரோமர் ஒரு பேச்சுக்கு ஐந்து வேலைகள் வகுத்தார்களாம். சொல்வதற்கான பொருளைத் தேடுதல், அதை ஒழுங்குபடுத்தல், சொல்லால் அழகு செய்தல், நினைவில் நிறுத்தல், குரலாலும் உடலாலும் வெளியிடுதல். தொண்டையைக் காப்பதற்கு உணவில்கூடக் கவனமாயிருந்தார்களாம். ஆசிரியர் மாணவரை அடிக்கக் கூடாது, அடி வாங்கியவன் பாடத்தை மறந்துவிட்டு அடியையே நினைவில் வைத்திருப்பான் என்ற கருத்தும் அவர்களுக்குள் இருந்ததாம். நான் பதிகம் படித்த காலத்தை எண்ணிக்கொண்டு இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

"தொடக்கத்திலை கேக்கிற ஆக்களின்ரை நல்லெண்ணத்தை வாங்கோணும். அதுக்குத் தன்னைக் கொஞ்சம் தாழ்த்திக் கதைக்கிறதும் ஒரு வழி."

"அது எங்கட அவையடக்கமெல்லோ, மாஸ்டர்."

"ஓம். ஆனால் அவங்கள் உப்புப் போடுற மாதிரித்தான் போட்டவங்கள், அண்ணை. நீங்கள் உப்பிலை ஊறுகாய் போடுறனியள்."

அவர் பொறாமையால் சொல்கிறார் என்று எண்ணினேன். எங்கள் அடியார்கள் தம்மைப் புழுவென்றும் தூசென்றும் சொல்லிக்கொண்ட பணிவின் ஆழத்தை ஓர் இலத்தீன் ஆசிரியர் எவ்வாறு அறிவார் என்று உள்ளூர ஒரு செருக்கு. பணிவைக் குறித்துச் செருக்குறுவதற்கும் மனிதனால் முடிகிறது.

இன்னொன்றும் சொன்னார். நல்ல மனிதனாக இல்லாதவன் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அவனைப் பேச்சாளனென்று ஒப்புக்கொள்ளக் கூடாது என்று கருதியவர்கள் அவர்களுள் இருந்தார்களாம். எனக்கு மெய்சிலிர்த்தது. நெஞ்சு திருந்தாமல் நா திருந்தாது என்றுதானே நாங்களும் சொல்கிறோம் என்றேன்.

"நல்ல கருத்துத்தான். அதை நம்பாத ஆக்கள்தான் எலெக்சன் கேக்கிறாங்கள்," என்றார் மாஸ்டர்.

நினைவுக்கு உரோமர் கையாண்ட வழி எனக்குப் பெரிதும் பிடித்தது. நன்கறிந்த ஒரு வீட்டை மனத்தில் எழுப்பி, சொல்ல வேண்டியவற்றை அறைதோறும் வைத்துவிட வேண்டும். பேசும்போது அவ்வீட்டுக்குள் நடந்தால், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் காத்திருக்கும். கௌரியின் வீட்டையே எடுத்துக்கொண்டேன். வாசலில் செருப்புக் குவியல். அங்கே வாகன நிறுத்தத்தை வைத்தேன். சோற்றுக் குக்கரின் மேல் ஊர்வல நேரம். மாடிப்படியில் தெருவை மறிக்கமாட்டோம் என்ற உறுதி. நிலவறையின் சலவை இயந்திரத்தில், தேங்காய் உடைத்த இடத்தைக் கழுவித் தருவோம் என்ற வாக்கு. மேளத்தை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல், சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு வீடெங்கும் முணுமுணுத்துத் திரிந்தேன். குழுவைச் சந்திப்பதற்கு முதல் நாள் கடையிலிருந்து இடியப்பமும் சொதியும் வாங்கிக்கொண்டு நடராசா குடும்பத்தோடு வருவதாக இருந்தது. விருந்தினர் வருகிறார்களென்று கௌரி வீட்டை ஒதுக்கி அடுக்கினாள். கோயிலிலிருந்து திரும்பிய நான் வாசலில் திகைத்து நின்றேன்.

"என்ன மாமா, ஏன் நிக்கிறியள்?"

"செருப்பெல்லாம் எங்கை, பிள்ளை?"

"அலுமாரிக்குள்ளை வைச்சிட்டன்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஐயோ மாமா, உங்கட பார்க்கிங்கை எடுத்துப்போட்டனோ?"

சோபாவையும் அவள் மறுசுவரோரம் தள்ளியிருந்தாள். மேளம் வெளியே தெரிந்தது.

மறுநாள் நானும் மாஸ்டரும் பேருந்தில் புறப்பட்டோம். நகர நடுவில் வாகனம் நிறுத்த இடம் தேடுவதைவிட நடந்தே போகலாம் என்பது அவர் கட்சி. இங்கே பேருந்தின் சன்னலோரம் நீளமாக ஒரு மஞ்சள் கயிறு ஓடுகிறது. அதை இழுத்தால் அடுத்த தரிப்பில் வண்டி நிற்கும். நம் நாட்டில் மஞ்சள் கயிற்றுக்கு வேறு பொறுப்பு. பேச்சாளன் கையைக் கண்மட்டத்துக்கு மேல் உயர்த்துதல் ஆகாது என்று உரோமர் விதித்ததை மாஸ்டர் விளக்க, நான் இருக்கையிலிருந்தே பயின்றேன். கை கயிற்றில் மாட்டி மணி அடித்தது. வண்டி நின்றது, எவரும் இறங்கவில்லை. மீண்டும் அவ்வாறே ஆயிற்று. மூன்றாம் முறை ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "ஐயா இறங்க விரும்புகிறாரா, அல்லது எனக்கு ஏதேனும் சொல்ல விரும்புகிறாரா?" என்று கேட்டார். மாஸ்டர் என் கையைப் பிடித்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். சுரங்க ரயிலிலும் அதை விடவில்லை.

மண்டபத்தில் மூவர் அமர்ந்திருந்தனர். நடுவே தலைவியான ஓர் அம்மையார். மேசையில் சிறு விளக்கொன்று; பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். எனக்கு மொழிபெயர்க்க வந்தவர் நடுவயதுத் தமிழ்ப் பெண். நீதிமன்றங்களில் பழகியவர். "ஐயா, நீங்கள் சொல்லுறதை ஒண்டும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுவன். அதுதான் எங்கட சட்டம்," என்றார். ஆயுள் முழுவதும் பிறர் செய்யுளுக்குப் பயன் சொன்ன எனக்கே பயன் சொல்ல ஒருவர் வாய்த்தாரே என்று மகிழ்ந்தேன்.

பச்சை எரிந்தது. எழுந்து கைகூப்பினேன். நடராசாவும் கோயில் அடியார்களும் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அவைப் பெரியோர்களே! கல்வியும் கேள்வியும் இல்லாத சிறியேன், நாயினும் இழிந்த அடியேன், உங்கள் முன்னிலையில் வாய் திறக்கவும் தகுதியற்றவன். என் சொல்லில் குற்றமே மிகுதி. பொறுத்தருள வேண்டும்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கினார். பின்பு தம் சட்டப்படி ஆங்கிலத்தில் சொன்னார்: "இவர் தமக்குக் கல்வி இல்லை என்கிறார். தாம் நாயைவிடக் கீழானவராம். இங்கே பேசத் தமக்குத் தகுதி இல்லையாம். தாம் சொல்லப்போவதில் பெரும்பாலானவை பிழையாம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறார்."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, இந்தக் கட்டடத்தில் எவராவது உங்களை அப்படிச் சொல்லியிருந்தால் தயங்காமல் தெரிவியுங்கள். அதை விசாரிக்கத் தனியே வழி இருக்கிறது."

"இல்லை தாயே, இத்தூசியின்மேல் தாங்கள் கொண்ட கருணைக்கு..." என்று நான் தொடர, அதுவும் ஆங்கிலமாயிற்று. குழுவில் இன்னொருவர், "தாம் சொல்வது பிழையென்று அவரே சொன்னால், நாங்கள் எதைக் குறித்துக்கொள்வது?" என்று மெல்லக் கேட்டார். பின்வரிசையிலிருந்து நடராசாவின் குரல் மண்டபமெங்கும் கேட்டது: "பார்க்கிங்கைச் சொல்லுங்கோ, அண்ணை."

நான் கௌரியின் வீட்டு வாசலுக்கு விரைந்தேன். செருப்பைக் காணவில்லை. அலுமாரியைத் திறக்கும்போது மஞ்சள் எரிந்தது. மாடிப்படி ஏறும்போது சிவப்பு.

அமர்ந்தேன். ஊறுகாய் என்று மாஸ்டர் சொன்னது நினைவில் எரிந்தது. அவரோ என்னைப் பாராமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய கருணை.

அடுத்து மறுப்புத் தெரிவித்தவரை அழைத்தார்கள். நடராசாவைப் போல உரத்த குரலுடைய ஒரு வெள்ளைக்காரரை நான் எதிர்பார்த்திருந்தேன். மெலிந்த சீன மூதாட்டி ஒருவர் எழுந்தார். அவருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர். பச்சை விளக்கை அவர் பொருட்படுத்தவேயில்லை. அது மஞ்சளாவதற்குள் பேசி முடித்துவிட்டார்.

"அந்தத் தொகுதியின் கோடியில் எங்கள் கடை இருக்கிறது. இரவில் நான் சோயா அரைக்கிறேன். காலையில் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறேன். அப்போது மேளம் தொடங்கியது. கடவுள்மீது எனக்குக் கோபம் இல்லை. எனக்குத் தூக்கம் வேண்டும்."

என் நாவில் இஞ்சிப் பாகின் சுவை எழுந்தது. காலைதோறும் நான் கரைத்து விழுங்கியது இவருடைய உறக்கத்தை.

மறுமொழி சொல்ல விரும்புகிறீர்களா என்று தலைவி என்னைக் கேட்டார், சற்று அச்சத்தோடு. எழுந்தேன். பிறரிடம் எழுப்ப விரும்பும் உணர்ச்சி முதலில் பேசுபவனுக்குள் எழ வேண்டும் என்று உரோமர் கண்டிருந்தார்களாம். அதை அப்போது நான் நினைக்கவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது மாஸ்டர் நினைவூட்டியது. கௌரியின் வீட்டை அப்படியே விட்டுவிட்டு, அம்மூதாட்டியைப் பார்த்துப் பேசினேன்.

"அம்மா, நீங்கள் செய்த உணவை நான் நாள்தோறும் உண்கிறேன். செய்தவர் யாரென்று கேட்கவில்லை. எங்கள் கோயிலில் இரவு கடைசிப் பூசை, சுவாமியை உறங்க வைப்பதற்கானது. கதவைச் சாத்தி, மெல்லப் பாடி, ஓசைப்படாமல் வெளியே வருவோம். கல்லில் இருப்பவருக்கு அவ்வளவு செய்கிற நாங்கள் உங்களுக்குச் செய்யவில்லை. தேர் உங்கள் வீட்டை நெருங்கியதுமுதல் கடந்துபோகும்வரை மேளமும் நாகசுரமும் ஒலிக்காது. நாங்களும் பேசமாட்டோம்."

ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் அதுவும் ஆங்கிலமாயிற்று, பின் சீனமாயிற்று. மூதாட்டி தலையசைத்தார். குழுவினர் தமக்குள் குனிந்து பேசி, அந்த வாக்கையே நிபந்தனையாக்கி அனுமதி தந்தார்கள்.

வெளியே வந்ததும் நடராசா வெடித்தார். "தவில் இல்லாமல் தேரோ? அது என்ன, வீடு மாத்திற மூவிங் கொம்பனியோ?" சற்றுப் பொறுத்து, "ஆனால் நான் கதைச்சிருந்தால் கராஜும் போயிருக்கும்," என்று தாமே தணிந்தார். ஊரிலிருந்து வந்திருந்த தவில் வித்துவானுக்குத்தான் ஆறவில்லை. "அண்ணை, எத்தினையோ ஊரிலை அடிச்சிருக்கிறன். வாயைக் கட்டி ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகேல்லை," என்றார்.

தேர்த் திருநாள் தெளிந்த கோடைக் காலையாய் விடிந்தது. கராஜிலிருந்து வந்த தேர் கடைத்தொகுதி முற்றத்தில் வெயிலில் மின்னியது. பல் வைத்தியரிடம் வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்தபடியே வெளியே வந்து பார்த்தார்கள். கௌரி வடம் பிடித்தாள். மாஸ்டரும் பிடித்தார். "பாவமில்லையோ?" என்று கேட்டேன். "கயிறு தானே, அண்ணை. மஞ்சளும் இல்லை," என்றார்.

ஊரில் தேர் வந்தால் தெரு தேருடையது. விடியுமுன்பே ஒலிபெருக்கி முழங்கும். உறங்குகிறவர் யாரென்று எவரும் கேட்டதில்லை. இங்கே மூதாட்டியின் வீட்டுக்கு முந்திய திருப்பத்தில் நான் கையை உயர்த்தினேன், கண்மட்டத்துக்கு மேற்படாமல். மேளம் நின்றது. நாகசுரமும் ஓய்ந்தது. தேர்ச் சில்லுகளின் உருளலும் வெறுங்கால்களின் சரசரப்பும் மட்டும் கேட்டன. நடராசா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தார். அவ்வளவு பேர் கூடி ஓசையின்றி நடப்பதைப் போன்ற ஒரு வழிபாட்டை நான் அதுவரை கண்டதில்லை.

அந்த வீட்டு வேலியருகே மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். தலை வாரி, நல்லுடை உடுத்து, கைகளைக் கட்டியபடி நின்றார். பக்கத்தில் கல்லாவிலிருக்கும் இளம்பெண், அவர் மருமகளாம். மூதாட்டியின் முகத்தில் தெளிவாக ஒரு முறைப்பாடு தெரிந்தது. தேர் தானாகவே நின்றது. நடராசா என்னைப் பார்த்தார். வாக்குத் தவறினோமா என்று ஐயுற்றேன்.

மூதாட்டி சொன்னார். மருமகள் அதை ஆங்கிலத்தில் சொன்னார். மாஸ்டர் காதோரம் குனிந்து எனக்குத் தமிழில் பயன் சொன்னார்.

"ராத்திரி வேலைக்குப் போகேல்லையாம். தேரைப் பாக்கவெண்டு வெள்ளன எழும்பி நிக்கிறாவாம். எல்லா வீட்டுக்கும் அடிச்சுப்போட்டு, தன்ரை வாசலிலை மட்டும் ஏன் நிப்பாட்டினனீங்கள் எண்டு கேக்கிறா."

உரோமரின் ஐந்து வேலைகளுக்கும் அங்கே வேலை இல்லை. நான் தவில் வித்துவானைப் பார்த்தேன். அவர் கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, விரல்களால் மட்டும், தோலைத் தடவுவதுபோல மெல்லத் தொடங்கினார். மூதாட்டி தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் கேட்டார். பிறகு மருமகளிடம் ஏதோ சொன்னார். மருமகள் மாஸ்டரிடம் சொன்னார். மாஸ்டர் என்னிடம் சொன்னார். நான், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், தவில்காரரிடம் சொன்னேன்:

"இன்னும் கொஞ்சம் பலமா அடிக்கட்டாம்."

அவர் கோலை உருவினார்.